டிரைவ் என்கிரிப்ஷனும் 48 இலக்கச் சாவியும்: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரையோடு வருகிறவர்களுக்கு அதைச் சரிசெய்து அனுப்பிவைக்க என்னால் முடியும். நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கும் லேப்டாப்போடு வருகிறவர்களுக்குத்தான் பல நேரம் நல்ல பதில் சொல்ல முடிவதில்லை. கோயில் குருக்கள், தமிழ் வகுப்பு ஆசிரியர்கள், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத் தமிழில் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் லேப்டாப் இன்று ஒழுங்காகத் திறக்கிறது என்றால் 11-ஆம் கேள்வியை முதலில் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

1. என்கிரிப்ஷன் என்றால் பாஸ்வேர்டு போடுவதுதானே? அதுதான் ஏற்கெனவே போட்டிருக்கிறேனே?

இரண்டும் வேறு. விண்டோஸ் பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் அந்தக் காவலாளிக்கு வேலையே இல்லை. படங்கள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், கடிதங்கள் எல்லாவற்றையும் அப்படியே படிக்கலாம். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

என்கிரிப்ஷன், தமிழில் குறியாக்கம், டிஸ்கில் எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தையும் கலைத்துப் போட்டு எழுதுகிறது. சாவி இருந்தால்தான் அது மீண்டும் எழுத்தாகும். விண்டோஸில் இதைச் செய்வது பிட்லாக்கர். அது பயன்படுத்தும் ஏஇஎஸ் முறையை உருவாக்கியவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர். 2001-இல் அமெரிக்க அரசு அதைத் தன் தரமாக அறிவித்தது. விண்டோஸ் வழக்கமாக 128 பிட் சாவியை வைத்துக் கொள்கிறது. சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பல பதில்களுக்கு இது வேண்டும். தரவைப் பூட்டும் சாவி டிஸ்கிலேயேதான் இருக்கிறது, ஆனால் அதுவும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்க வழக்கமாக இரண்டு வழி. ஒன்று, மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற சிப். மற்றது 48 இலக்க ரெக்கவரி கீ, அதாவது மீட்புச் சாவி. தினமும் சிப் தானாகத் திறந்துவிடுவதால் இரண்டாவது வழி இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

2. நான் எதையும் ஆன் பண்ணவே இல்லை. என் லேப்டாப்பில் இது எப்படி வந்தது?

நீங்கள் சொல்வது உண்மைதான். 2007-இல் விஸ்டாவோடு பிட்லாக்கர் வந்தபோது அதை நாமாகத்தான் இயக்க வேண்டியிருந்தது. பிறகு ஹோம் பதிப்புகளுக்கும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அதே பூட்டு வந்தது. 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் வரம்பு இன்னும் தளர்ந்தது. புதிதாக விண்டோஸ் நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தாலே பெரும்பாலான கணினிகளில் பூட்டு தானாக விழுகிறது, சாவியும் அந்தக் கணக்குக்குப் போய்விடுகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததை ஒட்டிப் புது லேப்டாப் வாங்கியவர்களில் பலருக்குத் தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது.

உங்களுடையதைப் பார்க்க வேண்டுமானால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. நீலத் திரை வந்து ரெக்கவரி கீ கேட்கிறது. என் பின் நம்பரைப் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறது. இப்போது என்ன செய்ய?

முதலில், எதையும் அழிக்காதீர்கள். திரையில் 'ஸ்கிப் திஸ் டிரைவ்' என்றும், அதற்குப் பின் 'ரீசெட்' என்றும் வழிகள் தெரியும். பயத்தில் ரீசெட் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டால், பிறகு சாவி கிடைத்தாலும் பயனில்லை. லேப்டாப்பை அணைத்து வைத்துவிடுங்கள். பூட்டிய டிஸ்க் ஒரு வருஷம் கழித்தும் அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் தினமும் தட்டும் நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் விண்டோஸுக்குள் நுழைவதற்கானது. இங்கே கேட்பது வேறு, 8 தொகுதிகளாக, தொகுதிக்கு 6 இலக்கமாக வரும் 48 இலக்கம். அதே திரையில் 'ரெக்கவரி கீ ஐடி' என்று எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து நீளமாக ஒன்று இருக்கும். அது சாவி இல்லை, சாவியின் அடையாள அட்டை. முதல் 8 எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

அடுத்து, போனிலோ வேறு கணினியிலோ உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் பிட்லாக்கர் சாவிகளைத் திறந்து பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஐடியின் முதல் 8 எழுத்து எதோடு பொருந்துகிறதோ அதுதான் உங்களுடையது. தட்டும்போது விசைப்பலகையின் எண் விசைகள் வேலை செய்யவில்லை என்றால் எஃப்1 முதல் எஃப்9 வரை 1 முதல் 9, எஃப்10 என்பது 0. இதைத் தெரிந்துகொண்டு வீட்டிலேயே திறந்தவர்கள் உண்டு.

4. நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது? இன்று ஏன் திடீரென்று கேட்கிறது?

முதல் பதிலில் சொன்ன டிபிஎம் சிப், கணினி கிளம்பும் விதத்தை ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கிறது. பயாஸ் (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) மாறியிருந்தால், செக்யூர் பூட் (கிளம்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு) அணைந்திருந்தால், மதர்போர்டு மாறியிருந்தால், டிஸ்க் வேறு கணினிக்குப் போயிருந்தால், 'இது எனக்குத் தெரிந்த கணினியா' என்று சந்தேகப்பட்டு சாவியைத் தர மறுக்கிறது. அப்போதுதான் இரண்டாவது வழியான 48 இலக்கத்தை விண்டோஸ் கேட்கிறது. திருடனிடமிருந்து காக்க வைத்த ஏற்பாடு சொந்தக்காரரையும் அதே கண்ணால்தான் பார்க்கும்.

பயாஸ் அப்டேட்தான் நான் அதிகம் பார்க்கும் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அக்காவின் லேப்டாப்பில் நானே பயாஸை அப்டேட் செய்தேன், பூட்டை இடைநிறுத்தாமல். நீலத் திரை வந்தது. சாவி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. மகனின் கல்யாணப் படங்கள் அதில் போயின. அன்றிலிருந்து சாவியைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கணினியிலும் நான் பயாஸைத் தொடுவதில்லை. கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதிக்குள் 'சஸ்பெண்ட் புரொடெக்ஷன்' என்று இருக்கும். அதைக் கொடுத்துவிட்டு அப்டேட் செய்து, பிறகு 'ரெஸ்யூம்' கொடுத்தால் சிப் புதிய நிலையை ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் சாவி கேட்டுத் தொல்லை கொடுக்கும் கணினிக்கும் இதே மருந்துதான், உள்ளே நுழைந்த பிறகு.

பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சரிசெய்யும் முறை எளிதாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டிய கணினிகளில் ஒவ்வொன்றுக்கும் 48 இலக்கத்தைத் தேடிப் பிடித்துத் தட்ட வேண்டியிருந்தது.

5. லோட்ஷெடிங்கில் கரண்ட் போய்ப் போய்த்தான் இது வந்தது என்கிறார்கள். உண்மையா?

நேரடியாக இல்லை. பூட்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனாலும், மறுபடி கிளம்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படிதான் பிட்லாக்கர் அமைந்திருக்கிறது.

மறைமுகமாக உண்டு. மேசைக் கணினிகளில் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்க நாணய வடிவில் ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோயிருந்தால் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை தெரியாது. போய் வரும்போது தேதியும் அமைப்புகளும் பழையபடி மாறிவிடும், சிப் சந்தேகப்படும். கணினி தேதி பல வருஷம் பின்னால் காட்டினால் அந்த பேட்டரியை மாற்றிவிடுங்கள், சில ரேண்ட்தான். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு மாதக்கணக்கில் லோட்ஷெடிங் இல்லாமல் இருந்ததால் பலர் யுபிஎஸ்ஸை மூலையில் போட்டுவிட்டார்கள். பயாஸ் அப்டேட் செய்யும் நாளிலாவது அதை எடுத்து மாட்டுங்கள். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே செத்துப்போகலாம்.

6. என் கணக்கில் தேடிவிட்டேன். அங்கே சாவியே இல்லையே?

அனேகமாக வேறொருவர் கணக்கில் இருக்கிறது. லேப்டாப்பை முதன்முதலில் பெட்டியிலிருந்து எடுத்து அமைத்தவர் யார் என்று யோசியுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகனா, மருமகளா, விற்ற கடைக்காரரா? அன்று எந்த மின்னஞ்சலைக் கொடுத்தார்களோ அந்தக் கணக்குக்குத்தான் சாவி போயிருக்கும். 'உங்கள் மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் மாமா' என்று நான் சொல்லி, அடுத்த ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் சாவி வந்து சேர்ந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பழைய ஹாட்மெயில், அவுட்லுக் முகவரிகளையும் விடாதீர்கள்.

பள்ளி, பல்கலைக்கழகம், அலுவலகக் கணக்கு ஏதாவது அந்தக் கணினியில் சேர்க்கப்பட்டிருந்தால் சாவி அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் இருக்கலாம். அவர்களுக்கு எழுதும்போது ஐடியின் முதல் 8 எழுத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சொந்தமாகப் பூட்டுப் போட்டவராக இருந்தால் சாவியை ஒரு டெக்ஸ்ட் கோப்பாகப் பென் டிரைவில் சேமித்திருப்பீர்கள், அல்லது அச்சடித்திருப்பீர்கள். கோப்பின் பெயர் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' என்று ஆங்கிலத்தில் தொடங்கும். வீட்டிலுள்ள எல்லாப் பென் டிரைவிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

7. சாவியை எழுதிவைத்த காகிதம் நனைந்து ஒரு எண் அழிந்துபோனது. அவ்வளவுதானா?

அவ்வளவில்லை, இதற்கு அழகான வழி இருக்கிறது. ஒவ்வொரு 6 இலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்படிதான் விண்டோஸ் சாவியை உருவாக்குகிறது. ஆகவே ஒரு தொகுதியில் ஒரே ஒரு எண் போயிருந்தால் அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

28?041 என்று ஒரு தொகுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1, 3, 5-ஆம் இடங்களைக் கூட்டினால் 2 + ? + 4. 2, 4, 6-ஆம் இடங்களைக் கூட்டினால் 8 + 0 + 1, அதாவது 9. இரண்டும் சமமாக வேண்டும், அல்லது 11 வித்தியாசப்பட வேண்டும். ஆகவே அழிந்த எண் 3. தொகுதி 283041, அதை 11-ஆல் வகுத்தால் 25731. ஒன்றா ஏழா, மூன்றா எட்டா என்று கையெழுத்து குழப்பும்போதும் இதே சோதனைதான். தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவருக்கு இப்படித்தான் இரண்டு தொகுதிகளைச் சரிசெய்தோம். ஒரு தொகுதி முழுதும் போயிருந்தாலும் 65,536 வாய்ப்புதான். கையால் தட்ட முடியாது, ஆனால் டிஸ்கைப் பிரதி எடுத்துக் கணினி நிரலைக் கொண்டு சோதிக்கலாம். இரண்டு, மூன்று தொகுதி போனால் நம்பிக்கை வேகமாகச் சுருங்கிவிடும்.

8. டிஸ்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டால் திறக்காதா?

சாவி இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. முதல் வழியான சிப் பழைய மதர்போர்டிலேயே தங்கிவிடுகிறது.

2022 ஏப்ரல் 11, 12-இல் பெய்த மழையில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரங்களில் சேறு அப்பிய லேப்டாப்புகள் என் கடைக்கு வந்தபடி இருந்தன. பலவற்றில் மதர்போர்டு செத்துவிட்டது, எஸ்எஸ்டி பிழைத்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்து வேறு கணினியில் மாட்டினால் டிஸ்க் எழுந்து நின்று 48 இலக்கம் கேட்டது. ஒரு அம்மா மறுநாளே ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பூஜை அலமாரியின் மேல்தட்டில் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தாராம். முப்பது வருஷத்துப் பஜனைப் பதிவுகள் அவ்வளவும் மீண்டன. அதே வாரத்தில் சாவி இல்லாமல் வந்த இரண்டு டிஸ்குகள் வன்பொருள் அளவில் பழுதே இல்லாதவை. அவற்றில் ஒரு எழுத்தைக்கூட என்னால் எடுத்துத் தர முடியவில்லை.

9. சாவி எங்குமே இல்லை. மைக்ரோசாப்ட்டுக்கே போன் போட்டால்? திறந்து தருகிறேன் என்று ஒருத்தர் 3000 ரேண்ட் கேட்கிறாரே?

உங்கள் கணக்கில் சேராத சாவியை மைக்ரோசாப்ட்டால் மறுபடி உருவாக்கித் தர முடியாது. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு உடைத்துத் தருவதாகச் சொல்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த முறையில்? சில பழைய லேப்டாப்புகளில் டிபிஎம் சிப் தனியாக இருக்கும். கணினி கிளம்பும்போது அதிலிருந்து சாவி ஓடும் கம்பித் தடத்தை ஒட்டுக் கேட்டு எடுக்க முடியும் என்று 2024-இல் ஒரு ஆய்வாளர் மலிவான ராஸ்பெரி பை பைகோ பலகையைக் கொண்டு 43 விநாடிகளில் செய்து காட்டினார். ஆனால் அதற்கு அதே மதர்போர்டு உயிரோடு இருக்க வேண்டும், சிப்பும் தர மறுக்காத நிலையில் இருக்க வேண்டும். நீலத் திரையில் நிற்கும் கணினிக்கு அது உதவாது. பதில் சொல்ல முடியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு வழி சில சமயம் கைகொடுக்கும். நான்காம் பதிலில் சொன்னதுபோல, பயாஸில் எது மாறியதோ அதைப் பழையபடி வைத்தால் சிப் சமாதானமாகிச் சாவியைக் கொடுத்துவிடும். செக்யூர் பூட் அணைந்திருந்தால் திரும்ப இயக்குங்கள். செருகிய யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஆனால் பயாஸில் 'கிளியர் டிபிஎம்' என்று இருப்பதை மட்டும் தொடவே கூடாது. தொட்டால் முதல் வழி நிரந்தரமாக அடைபடும்.

10. இவ்வளவு தொல்லை என்றால் இதை அணைத்துவிட்டால் என்ன?

அணைக்கலாம், டிஸ்க் முழுவதையும் பழையபடி மாற்ற அரை நாள்கூட ஆகலாம். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த ஊரில் காரின் பின்சீட்டில் வைத்த லேப்டாப் எவ்வளவு நேரம் தங்கும் என்று உங்களுக்கே தெரியும். போலீஸ் கேஸ் நம்பரைக் காட்டிக் காப்பீட்டில் புது லேப்டாப் வாங்கிவிடலாம். அடையாள எண், வரிக் கணக்கு, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் யார் கையில் என்ற கவலைக்குக் காப்பீடு இல்லை.

கோயில், சங்கம், டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது சட்ட விஷயமும்கூட. தனிநபர் தகவலைக் காக்கும் 2013-இன் போப்பியா சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. உறுப்பினர் பட்டியலை வைத்திருப்பவர் அதற்குத் தக்க தொழில்நுட்பப் பாதுகாப்பு செய்திருக்க வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. தகவல் அந்நியர் கைக்குப் போனதாக நம்பக் காரணம் இருந்தால் ஒழுங்குமுறை அமைப்புக்கும் உரியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. பூட்டாத லேப்டாப் தொலைந்த செயலாளர் பக்தர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தக் கடிதத்தை எழுதும் நிலை வர வேண்டாம்.

11. சரி, சாவியை எடுத்து எங்கே வைப்பது?

கணினி திறந்திருக்கும்போதே, ஸ்டார்ட் தேடலில் பிட்லாக்கர் என்று ஆங்கிலத்தில் தட்டி 'மேனேஜ் பிட்லாக்கர்' என்பதைத் திறந்து 'பேக் அப் யுவர் ரெக்கவரி கீ' கொடுங்கள். ஹோம் பதிப்பில் அது தெரியாவிட்டால் மூன்றாம் பதிலில் சொன்ன இடத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தாளில் அச்சடியுங்கள். ஒன்று வீட்டில் அடையாள ஆவணங்களோடு, மற்றது வேறு வீட்டில், அக்காவிடமோ தம்பியிடமோ. வெள்ளம் கற்றுக்கொடுத்தது அது. தாளில் எந்தக் கணினி என்பதையும் ஐடியின் முதல் 8 எழுத்தையும் குறியுங்கள்.

லேப்டாப் பைக்குள் அந்தத் தாளை வைக்காதீர்கள். பூட்டிய டிஸ்குக்குள்ளேயே சாவிக் கோப்பைச் சேமித்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். சாவி பத்திரமாக இருந்தாலும் டிஸ்க் கெட்டுப்போகலாம் என்பதால், படங்களுக்குத் தனியாக ஒரு பிரதி வேண்டும்.

12. மேக்கிலும் லினக்ஸிலும் இப்படித்தானா?

கருத்து ஒன்றுதான். மேக்கில் இதன் பெயர் ஃபைல்வால்ட். மீட்புச் சாவி 24 எழுத்தும் எண்ணும் கலந்தது, நான்கு நான்காக ஆறு தொகுதி. அமைக்கும்போது ஐகிளவுட் கணக்கால் திறக்க அனுமதித்திருந்தால் அந்த வழியும் உண்டு. புதிய மேக்புக் லேப்டாப்புகளில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைத்து, எப்போதும் குறியாக்கத்தில்தான் இருக்கும் என்பதால் 'கழற்றி மாட்டலாமா' என்ற பேச்சே எழாது.

லினக்ஸில் இதன் பெயர் லக்ஸ். அதன் புதிய வடிவத்தில் ஒரு டிஸ்குக்கு 32 பாஸ்வேர்டு வரை வைக்கலாம், ஆகவே நம்பிக்கையானவருக்கு இரண்டாவதாக ஒன்று கொடுத்து வையுங்கள். டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கும் ஹெடர் பகுதி சிதைந்தால் சரியான பாஸ்வேர்டும் பயன்படாது. அதை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து வைப்பது நல்லது.

13. அப்பா காலமாகிவிட்டார். அவர் லேப்டாப்பில் குடும்பப் படங்கள், பத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. எப்படித் திறப்பது?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அப்பாவின் போனைப் பற்றித்தான். அந்த சிம்மை நிறுத்திவிடாதீர்கள். ப்ரீபெய்டு என்றால் ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். மைக்ரோசாப்ட் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற அனுப்பும் குறியீடு அந்த எண்ணுக்கோ அந்தப் போனில் திறந்திருக்கும் மின்னஞ்சலுக்கோதான் வரும். கணக்குக்குள் நுழைந்தால் மூன்றாம் பதிலின்படி சாவி கிடைக்கும். இரண்டு வருஷம் யாரும் நுழையாத கணக்கை மைக்ரோசாப்ட் மூடிவிடலாம் என்பதால், துக்கம் ஆறட்டும் என்று ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். சொத்து விவகாரம் நடக்கிறது என்றால் எதையும் திறக்கும் முன் எக்ஸிக்யூட்டராக, அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவரின் சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டைத் தேடுங்கள்: டைரியின் கடைசிப் பக்கம், வங்கிக் கோப்பு, லேப்டாப் வாங்கிய பெட்டியின் உள்பக்கம். அப்பாக்கள் எழுதிவைக்கிறவர்கள். எக்ஸிக்யூட்டரை நியமித்து உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் தரும் கடிதத்துக்குச் சட்ட பலம் உண்டு, ஆனால் எங்கும் பதியப்படாத 48 இலக்கத்தை எந்தக் கடிதமும் வரவழைக்காது.

14. ஒருவேளை இது வைரஸ் பூட்டியதோ?

பணம் கேட்டு, மின்னஞ்சல் முகவரி கொடுத்து மிரட்டினால் ஆம், அது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ். விண்டோஸின் சாதாரண நீலத் திரை பணம் கேட்காது. 2024-இல் ஷ்ரிங்க்லாக்கர் என்ற ஒன்று பிட்லாக்கரையே கருவியாக்கிப் பூட்டியது. அதை மீட்கும் இலவசக் கருவியை பிட்டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்டது. சந்தேகம் இருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

15. பழைய லேப்டாப்பை விற்கப் போகிறேன். பூட்டித்தானே இருக்கிறது, அப்படியே கொடுக்கலாமா?

அப்படியே வேண்டாம். தினமும் சிப் தானாகத் திறக்கிறது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, வாங்குகிறவர் கையிலும் அது விண்டோஸ் வாசல் வரை திறந்துவிடும். உங்கள் பின் நம்பர் பிறந்த வருஷமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டு, 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று ரீசெட் கொடுங்கள். இதுவரை ரீசெட் கொடுக்காதீர்கள் என்று சொன்ன நான் இங்கே மட்டும் கொடுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் பூட்டிய டிஸ்கில் சாவி அழிந்தால் தரவும் அழிந்த மாதிரிதான். கடைசியாக, மைக்ரோசாப்ட் கணக்கின் 'டிவைசஸ்' பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பை நீக்கிவிடுங்கள். நீக்கும் முன் ஐடியின் முதல் 8 எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்பின் சாவியும் அதே பட்டியலில்தான் இருக்கும்.